முங்கோ அடிக்க மறந்த மணி

இன்வர்கோர் ஊரில் ஒழுகாத கூரை எதைக் கண்டாலும் அது நான் ஓடு வேய்ந்தது என்று தெரிந்துகொள்ளலாம். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை. இருபதில் சொந்த ஏணி, முப்பதில் சொந்த வண்டி, நாற்பதில் எனக்குக் கீழே பதினோரு ஆட்கள். பிற்பாடு அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் நானே கூரை போட்டுக் கொடுத்தேன். இன்றுவரை ஒரு சொட்டு இறங்கியதில்லை.

எங்கள் கோல்ஃப் கிளப்பின் சாப்பாட்டு அறையில் ஒரு மரப்பலகை உண்டு. ஆண்டுதோறும் ஹெர்ரிங் கோப்பையை ஜெயித்தவர் பெயரை அதில் தங்க எழுத்தில் எழுதுவார்கள். ஆர்ச்சி லம்ஸ்டன் என்ற பெயர் அதில் மூன்று இடங்களில் வரும். அது நான்தான்.

என்னைப் பற்றி இவ்வளவு போதும். எழுத வந்தது முங்கோ ராட்ரேயைப் பற்றி.

முங்கோ முப்பத்தாறு வருஷம் கடலோரத் தடத்தில் பஸ் ஓட்டியவன். நேரத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தத்திலிருந்தும் வண்டியை எடுத்ததில்லை. ஒரு ஜனவரிப் புயலில், ஏற ஆளே இல்லாத நிறுத்தத்தில், நாலு நிமிஷம் சீக்கிரம் வந்துவிட்டோம் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு நிமிஷமும் காத்திருந்தான். உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் நனைந்தோம். நானும் இருந்தேன். கதவையாவது மூடேன் என்றதற்கு, "நிறுத்தத்துல நின்னா கதவு தொறந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டான்.

நாற்பத்தொரு வருஷமாக அவன் கிளப்பில் உறுப்பினன். பலகையில் பெயர் கிடையாது. அவன் வாழ்க்கையில் வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே பொருள் அந்தப் பலகையில் ஒரு வரி. வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் சூப் குடிக்கும்போது எப்போதும் பலகையைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவான்.

பெயர் ஏறாததற்குக் காரணம் ரகசியமில்லை. எங்கள் ஆட்டத்தில் ஒரு குழிக்கு இத்தனை அடி என்று ஒரு கணக்கு உண்டு. அதில் ஓர் அடி மிச்சம் பிடித்தால் அதற்குப் பறவையின் பெயர். இரண்டு மிச்சம் பிடித்தால் கழுகு. ஓர் அடி கூடிப்போனால் பூதத்தின் பெயர். முங்கோ பறவைகளை அதிகம் பார்த்தவனில்லை. பூதங்களோடு குடும்பம் நடத்தியவன்.

கெட்ட அடிகளுக்கு எங்கள் ஊரில் இருக்கும் பெயர்களை எண்ணி முடியாது. பந்துக்கு முன்னால் மண்ணை வெட்டினால் ஸ்க்ளாஃப். பந்தின் தலையை மட்டும் தடவினால் இன்னொரு பெயர். இடப்பக்கம் வளைந்தால் ஒன்று, வலப்பக்கம் வளைந்தால் ஒன்று, வளையாமலே கடலுக்குப் போனால் ஒன்று. நல்ல அடிக்கு மட்டும் ஒரே சொல்தான்: "மோசமில்லை." அதையும் சும்மா சொல்லிவிட மாட்டோம். நான் மாதாகோவில் கோபுரத்துக்கு ஓடு வேய்ந்து முடித்த அன்று பாதிரியார் கீழே நின்று அண்ணாந்து பார்த்து அதைத்தான் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கெட்ட அடிகளிலும் ஒன்றின் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. மட்டையின் கழுத்தில் பட்டுப் பந்து வலப்பக்கம் சீறிக்கொண்டு ஓடுமே, அது. பெயரைச் சொன்னால் ஒட்டிக்கொள்ளும். சொன்னவனுக்கு இல்லாவிட்டாலும் கேட்டவனுக்கு. முங்கோவுக்கு அது வருஷத்துக்கு இரண்டு முறை வரும். வந்தால் பதினைந்து நாள் தங்கும். அந்தச் சமயத்தில் அவன் வீட்டில்கூட அதை "விருந்தாளி" என்றுதான் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவன் எழுபத்தொரு வயதில் ஹெர்ரிங் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்தான். முதல் சுற்றில் எதிராளிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாம் சுற்றில் எதிராளி மகள் கல்யாணத்துக்கு கிளாஸ்கோ போய்விட்டான். மூன்றாம் சுற்றில் முங்கோ நிஜமாகவே ஜெயித்தான். அதை அவனே கொஞ்ச நேரம் நம்பவில்லை. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவன் நான். நாலாவது தடவை பெயர் எழுதப் பலகையில் இடம் இருக்கிறதா என்று அளந்துகூடப் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஆட்டம் குழிக்குக் குழி தனிக் கணக்கு. ஒரு குழியைக் குறைந்த அடியில் முடித்தவனுக்கு அந்தக் குழி. பதினெட்டில் யாருக்கு அதிகமோ அவனுக்குக் கோப்பை. அன்று செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை. கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. பனியில் நேராக அடிப்பவனும் கோணலாக அடிப்பவனும் ஒன்றுதான். இருவர் பந்தும் கண்ணுக்குத் தெரியாது. நான் நேராக அடித்து மூன்று பந்துகளைத் தொலைத்தேன். முங்கோ கோணலாக அடித்தான். ஆனால் அவனுடைய கோணல் அவனுக்குப் பழக்கம். நேராகப் போய்ப் பந்தைக் கண்டுபிடித்து அடித்தான்.

பதினாறு குழி முடிந்தபோது அவன் ஒன்று முன்னால்.

பதினேழாம் குழிக்கு நடுவே ஒரு மணல்மேடு. அடிக்கிற இடத்திலிருந்து குழி தெரியாது. அதனால் குழிக்குப் பக்கத்தில் கம்பம் நட்டு, உடைந்துபோன மீன்பிடிப் படகு ஒன்றின் வெண்கல மணியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். முன்னால் போகிறவர்கள் முடித்துவிட்டு மணி அடிப்பார்கள். மணி கேட்ட பிறகுதான் பின்னால் இருப்பவர்கள் அடிக்கலாம். கம்பத்தில் 1891இல் அடித்த செப்புத் தகடு இருக்கிறது. "கடைசிப் பந்தைக் குழியில் போட்டவர் மணி அடிக்க வேண்டும். அடிக்காமல் போகிறவர் அந்தக் குழியை இழப்பார்." இதற்குமேல் அதில் ஒன்றும் எழுதவில்லை.

எங்களுக்குப் பின்னால் நாலு பெண்கள் ஆடிக்கொண்டு வந்தார்கள். அதில் தலைவி எல்ஸ்பெத், முங்கோவின் மனைவி.

பதினேழில் நான் ஐந்தாவது அடியில் பந்தைக் குழியில் போட்டேன். முங்கோவின் பந்து நாலாவது அடிக்காகக் குழிக்கு இரண்டடி தூரத்தில் கிடந்தது. அதைப் போட்டால் குழி அவனுக்கு. இரண்டு குழி முன்னால், பாக்கி ஒன்று. கோப்பையும் அவனுக்கு. இப்படிச் சின்ன தூரத்தில் கிடக்கும் பந்தை "அடிக்க வேண்டாம், விழுந்ததாக வைத்துக்கொள்" என்று எதிராளி விட்டுக்கொடுக்கலாம். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் முங்கோவுக்கு ஒரு பந்தையும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு விரல் தூரத்தில் கிடந்தாலும் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவன் தவறவிட்டும் இருக்கிறான்.

அன்று, "தூக்கிக்கோ" என்றேன்.

ஏன் சொன்னாய் என்று இன்றும் கேட்கிறார்கள். கை விறைத்துப்போயிருந்தது. அதுதான் பதில்.

முங்கோ பந்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"என்ன சொன்னே?"

"காதுலயும் பனி பூந்துருச்சா? தூக்கிக்கோடா. நீ ஜெயிச்சுட்டே."

அவன் குனிந்து பந்தை எடுத்தான். கை குலுக்கினோம். நேராகக் கிளப்புக்கு நடந்தோம்.

கிளப்பில் நெட்டி பருப்பு சூப்பும் ஆட்டுக்கறி அடைத்துச் சுட்ட பலகாரமும் சூடாக வைத்திருந்தாள். அந்தச் சமையலறை இருபது வருஷமாக அவள் கையில். செயலாளர் ஹெக்டர் ஸ்மீட்டன் என்னுடைய ஏணியை எடுத்துப் பலகையில் சாத்தி, ஏறி, முங்கோவின் பெயரைப் பென்சிலால் வரைந்தான். தங்கப் பூச்சு டப்பாவைத் திறந்து கலக்கத் தொடங்கினான். அவன் எந்த வேலையையும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைத்துச் செய்ததில்லை. முங்கோ தன்னுடைய நாற்காலியில் உட்கார்ந்து பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டு மூன்றாவது கிண்ணம் சூப் குடித்தான்.

வெளியே பனி மழையாக மாறியது.

நெட்டி கடிகாரத்தைப் பார்த்தாள். "எல்ஸ்பெத்தும் அவங்க ஆளுங்களும் மூணரைக்கு நாலு சூப் வேணும்னு சொல்லிட்டுப் போனாங்க. அஞ்சாகப் போகுது. ஆளையே காணோமே."

முங்கோவின் கரண்டி நடுவழியில் நின்றது.

"ஆர்ச்சி."

"என்ன?"

"மணி அடிச்சியா?"

"நீ அடிச்சிருப்பேனு நெனச்சேன்."

"நீ அடிச்சிருப்பேனு நான் நெனச்சேன்."

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது.

வேறு ஊராக இருந்தால் அரைமணி நேரத்தில் யாராவது மேட்டில் ஏறி எட்டிப் பார்த்திருப்பார்கள். இன்வர்கோரில் மணி கேட்காதவரை மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான். எங்களில் யாருக்கும் சந்தேகமே இல்லை, அந்த நாலு பேரும் அங்கேயே நிற்கிறார்கள் என்பதில்.

முங்கோ கரண்டியை வைத்தான். "ஹெக்டர், எறங்கு. அந்தப் பேர அழி."

"என்னப்பா சொல்றே?"

"தகட்டுல என்ன எழுதியிருக்கு? அடிக்காம போறவன் குழிய இழப்பான். பதினேழு எனக்கு இல்ல. அது போனா ஆர்ச்சியும் நானும் சமம். பென்சில்தானே, அழிஞ்சிடும்."

நான் எழுந்து நின்றேன். மணி மறந்ததால் கிடைக்கிற குழி எனக்கு வேண்டாம். பலகையில் என் பெயர் மூன்று முறை இருக்கிறது, மூன்றும் நான் அடித்து வாங்கியது.

"ஹெக்டர், தகட்ட ஒழுங்காப் படி. கடைசிப் பந்தக் குழியில போட்டவன் அடிக்கணும். போட்டவன் நான். இவன் பந்து குழிக்குள்ள போகவே இல்ல. தூக்கிக்கோன்னுட்டேன். மறந்தவன் நான். இழக்கறவனும் நான். அந்தக் குழி எப்படியும் எங்கிட்ட இல்ல. அவன் ஜெயிச்சது ஜெயிச்சதுதான்."

"விட்டுக்கொடுத்த பந்து விழுந்த பந்துக்குச் சமம்" என்றான் முங்கோ. "நீ போட்டப்புறம்தான் விட்டுக்கொடுத்தே. அப்போ கடைசிப் பந்து என்னுது."

"டேய், பேரு தானா வந்து உக்காருதுடா. எதுக்குடா எழுப்பி அனுப்புறே?"

"நீ ஓடு போடுறவன். ஒண்ணு வெலகுனா இன்னொண்ண சொருகிடுவே. நான் பஸ் ஓட்டுனவன். நேரம்னா நேரம்."

"பெரிய பஸ்ஸு! உன் பஸ்ஸுல நனைஞ்சது இன்னும் எனக்கு முழங்கால்ல இருக்கு."

ஹெக்டர் ஏணியிலேயே உட்கார்ந்து விதிப் புத்தகத்தைப் புரட்டினான். நெட்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அட ஆம்பளைங்களா, மொதல்ல யாராவது போய் அந்த மணிய அடிங்களேன்! நாலு பொம்பளைங்க மழையில நிக்கறாங்க."

"யார் அடிக்கணும்ங்கறதுதானம்மா கேள்வியே" என்றான் ஹெக்டர்.

மேலும் பதினைந்து நிமிஷம் போயிற்று. கடைசியில் ஹெக்டர் இறங்கி வந்து தீர்ப்பு சொன்னான். தகடு அடித்த காலத்தில் விட்டுக்கொடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் தகடு வாய் திறக்கவில்லை. இருவர் மேலும் குற்றம் உண்டு. பதினேழு யாருக்கும் இல்லை. முங்கோ பழையபடி ஒன்று முன்னால். பதினெட்டை ஆடி முடிக்க வேண்டும்.

பாக்கியிருக்கும் குழி எத்தனையோ அத்தனை முன்னால் இருக்கிற இந்த நிலைக்கு டார்மி என்று பெயர். தூங்கிக்கொண்டே ஆடலாம் என்பார்கள். கடைசிக் குழியில் சமமாக முடித்தாலே போதும், கோப்பை கைக்கு வந்துவிடும். முங்கோ 1994இல் ஒருமுறை இறுதி ஆட்டத்தில் இதே நிலையில் இருந்தான். விருந்தாளி வந்தான். முங்கோ தோற்றான். அந்த வருஷத்துப் பெயரும் பலகையில் இருக்கிறது. என்னுடையது.

மழையில் நடந்து பதினேழாம் குழிக்குப் போனோம். முங்கோ மணிக்கயிற்றைப் பிடிக்கப் போனான். நானும் போனேன். ஹெக்டர் எங்கள் இருவர் கையையும் விலக்கினான்.

"குத்தவாளி யாருன்னு முடிவாகல. கமிட்டி அடிக்கும்."

அடித்தான். மேட்டுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது, தலையைக் காத்துக்கொள் என்ற எச்சரிக்கைக் கூச்சல். ஒன்றன்பின் ஒன்றாக நாலு பந்துகள் மேட்டைத் தாண்டி விழுந்தன. முதல் பந்து குழிக்கு மூன்றடியில் நின்றது. அது எல்ஸ்பெத்தின் பந்து. நாலு பேரும் சொட்டச் சொட்ட மேட்டில் ஏறி வந்தார்கள். எங்களைப் பார்க்கவே இல்லை. அவரவர் பந்தைப் போட்டு முடித்தார்கள். அப்புறம் எல்ஸ்பெத் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தாள்.

"எவ்வளவு நேரம்னு தெரியுமா, முங்கோ?"

"ரெண்டு மணி ஆறு நிமிஷம்."

"நேரம் மட்டும் சரியாச் சொல்லு. ஏம்யா, ஊர்ல இருக்கற காலி நிறுத்தத்துக்கெல்லாம் கதவத் தொறந்து வெச்சு நின்ன மனுஷன்தானே நீ? கட்டின பொண்டாட்டிக்கு ஒரு மணி அடிக்க முடியல?"

நான் சமாதானத்துக்கு, "ஏன் எல்ஸ்பெத், மேட்டுல ஏறி ஒரு எட்டு பாத்திருக்கலாமே?" என்றேன்.

நாலு பேரும் என்னை ஒரேமாதிரி பார்த்தார்கள்.

"மணி அடிக்கலையே" என்றாள் எல்ஸ்பெத்.

நானாக இருந்தாலும் நின்றிருப்பேன்.

"இப்ப அடிச்சது யாரு?" என்று கேட்டாள்.

"ஹெக்டர்" என்றான் முங்கோ. சமாளித்திருக்கலாம். அவனுக்கு அது வராது.

"அப்போ நீ இன்னும் அடிக்கல."

பதினெட்டாம் குழிக்கு அடிக்கிற இடம் மணிக்கம்பத்துக்குப் பக்கத்தில்தான். கம்பம் வலப்பக்கம், சற்று முன்னால். நான் முதலில் அடித்தேன். பந்து நீண்டு போய்ப் புல்லின் நடுவில் நின்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர்கள் குறை.

முங்கோ மர மட்டையைப் பையிலிருந்து பாதி எடுத்து, திரும்ப வைத்து, பழைய இரும்பு மட்டையை எடுத்தான். பந்துக்கு முன்னால் நின்றான். தோளைத் தளர்த்தினான். மட்டையைத் தூக்கும் நேரத்தில் பின்னாலிருந்து எல்ஸ்பெத் அந்தச் சொல்லைச் சொன்னாள்.

சத்தமாக, தெளிவாக, ஊர்ப் பெயரை அறிவிக்கிற மாதிரி சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். எனக்கு அடுத்த வாரம் ஆட்டம் இருக்கிறது.

ஹெக்டர் கையிலிருந்து விதிப் புத்தகம் விழுந்தது. மற்ற மூன்று பெண்களும் காதைப் பொத்தினார்கள். முங்கோவின் மட்டை அதற்குள் கீழே வந்துகொண்டிருந்தது. நிறுத்த முடியவில்லை.

பந்து மட்டையின் கழுத்தில் பட்டு வலப்பக்கம் சீறியது. வெண்கல மணியின் நடு வயிற்றில் போய் அடித்தது. அந்த மணி இவ்வளவு நன்றாக ஒலித்து நான் கேட்டதில்லை. துறைமுகம்வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். பந்து அங்கிருந்து திரும்பி, எங்கள் முகத்துக்கு முன்னால் பறந்து, எழுபது கஜம் தள்ளிப் புல்லின் நடுவில் விழுந்தது.

முங்கோ மட்டையின் கழுத்தைத் தடவிப் பார்த்தான்.

"இப்பவாவது அடிச்சியே" என்றாள் எல்ஸ்பெத்.

ஹெக்டர் புத்தகத்தைப் பொறுக்கி, ஈரப் பக்கங்களைப் பிரித்துப் பார்த்தான். பந்து எதிலாவது பட்டுத் தெறித்தால் அதற்குப் புல்வெளியின் உரசல் என்று பெயர். தண்டனை இல்லை, கிடக்கிற இடத்திலிருந்து ஆட வேண்டும். ஆடினோம்.

என் இரண்டாவது அடி மணல்குழிக்குள் போயிற்று. மூன்றாவதும் மணல்குழியிலேயே நடந்தது. அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. நாலாவதில் வெளியே வந்தேன். ஆறாவதில் முடித்தேன். முங்கோ இரண்டு முறை மண்ணை வெட்டினான், ஒருமுறை பந்தின் தலையைத் தடவினான், ஒருமுறை எப்படியோ குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். ஐந்து அடி முடிந்தபோது பந்து குழிக்கு இரண்டடி தூரத்தில் கிடந்தது. போட்டால் சமம். சமம் என்றால் கோப்பை.

நான் வாயைத் திறந்தேன்.

"வாயத் தொறக்காத, ஆர்ச்சி" என்றான் முங்கோ. "இத நான் போடுறேன். நீ விட்டுக்கொடுத்துத்தான் இத்தன வம்பும்."

வாயை மூடிக்கொண்டேன். அவன் நின்றான். மழைத்துளி தொப்பி விளிம்பிலிருந்து பந்துமேல் விழுந்துகொண்டிருந்தது. எல்ஸ்பெத் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய ஈரத் தொப்பியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். அதில் பிழிய இனிமேல் தண்ணீரே இல்லை.

அவன் தட்டினான். பந்து குழியின் உதட்டில் ஒரு சுற்று சுற்றியது. பிறகு உள்ளே விழுந்தது. அந்தச் சத்தத்தை நாங்கள் ஏழு பேரும் கேட்டோம்.

"மோசமில்லை" என்றாள் எல்ஸ்பெத்.

கிளப்புக்குள் நெட்டி சூப்பை மறுபடி சுடவைத்துக் கொண்டு வந்தாள். எல்லோரும் உட்கார்ந்தோம். ஹெக்டர் ஏணியில் ஏறித் தூரிகையைத் தங்கத்தில் தோய்த்தான். முங்கோ மட்டும் உட்காரவில்லை.

"ஹெக்டர், பந்து பட்டு அடிச்சா அது மணி அடிச்சதாகுமா?"

ஹெக்டர் யோசித்தான். "எதால அடிக்கணும்னு தகட்டுல இல்லப்பா."

"கையால அடிக்கணும்னும் இல்ல, பந்தால அடிக்கலாம்னும் இல்ல" என்றான் முங்கோ. தொப்பியை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். பதினேழாம் குழி கிளப்பிலிருந்து நானூறு கஜத்துக்குமேல். பின்னால் ஆடுகிறவர் அன்றைக்கு யாருமில்லை.

அவனைத் திட்டத்தான் எல்ஸ்பெத் வாயெடுத்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். நாங்களும் வைத்தோம். சூப்பிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. ஹெக்டர் தூரிகையை உயர்த்தியபடி என் ஏணியில் நின்றான். தங்கம் ஒரு சொட்டு அவன் சட்டைக் கைமேல் விழுந்தது. துடைக்கவில்லை.

தூரத்தில் மணி ஒருமுறை அடித்தது. ஹெக்டர் முதல் எழுத்தைத் தொடங்கினான்.